ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி: முதலில் ஹேங்கர், பிறகு பணம்

அரக்கோணம், தக்கோலம், நெமிலி பக்கம் இருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில்தான் இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. அதன் சேட்டக் ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பழைய வட ஆற்காடு முழுக்க இருக்கிறார்கள். அதனால் வேலூர்ப் பக்கம் ஹெலிகாப்டர் பைலட் ஆவது பற்றிப் பேச்சு வந்தாலே முதல் கேள்வி, "ராஜாளியில் பணம் கட்டிச் சேர முடியுமா?" என்பதுதான்.

முடியாது. அது கடற்படை அதிகாரிகளுக்கான பள்ளி. +2 முடித்ததும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாகவோ, பட்டப்படிப்புக்குப் பிறகு குறுகிய காலப் பணிக்கான பைலட் தேர்வு வழியாகவோ, எஸ்எஸ்பி என்ற படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலைத் தாண்டித்தான் உள்ளே போகலாம். வயதும் உடல்தகுதியும் இருக்கிற பிள்ளை இந்த வழியை முயலாமல் விடக்கூடாது. பயிற்சிக்குக் குடும்பம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் தனியார் ஹெலிகாப்டர் ஓட்டும் பைலட்டுகளில் பெரும்பாலோர் முப்படைகளில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்துவிட்டு வந்தவர்கள். மும்பைக் கடலின் எண்ணெய்த் தளங்களுக்கும் கேதார்நாத், அமர்நாத் யாத்திரைகளுக்கும் மாநில அரசுகளின் விஐபி பயணங்களுக்கும் ஆள் எடுக்கும்போது, சொந்தப் பணத்தில் 150 மணி நேரம் பறந்துவிட்டு வரும் இளைஞர் நிற்க வேண்டிய வரிசை அதே வரிசைதான். பள்ளியைத் தேடுவதற்கு முன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. பேசிய பிறகும் தனியார் வழிதான் என்று முடிவெடுத்தவர்களுக்காகத்தான் மீதிக் கட்டுரை.

பணம் கட்டுவதற்கு முன் மருத்துவத் தகுதியைப் பாருங்கள். கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு டிஜிசிஏவின் (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கிளாஸ் 1 மருத்துவச் சான்று வேண்டும். முதலில் கிளாஸ் 2, அதன் பிறகு கிளாஸ் 1. அதற்கும் முன்னால் ஆரணி சாலையில் இருக்கும் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனையிலோ வேறு நல்ல கண் மருத்துவரிடமோ பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத குறை சிலருக்கு இருபது வயது வரை தெரியாமலேயே இருக்கும். பள்ளிக்கு முன்பணம் கட்டிய பிறகு அது தெரியவந்தால் அந்தப் பணம் திரும்புவது கடினம். கிளாஸ் 1 பரிசோதனைக்குப் பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனம் நமக்கு வசதி. காட்பாடியில் பிருந்தாவனோ லால்பாக்கோ ஏறினால் போய்விடலாம். "மெடிக்கல் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம் சார், முதலில் சீட்டைப் போட்டுடுங்க" என்று ஒரு பள்ளியோ ஏஜென்டோ சொன்னால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

கல்வித் தகுதியில் +2-வில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. சேரும் நாளில் நடப்பு விதி என்ன என்பதை டிஜிசிஏ தளத்திலேயே பாருங்கள். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஆகிய எழுத்துத் தேர்வுகளுக்கு 70 சதவீதம் வேண்டும். இவற்றை வேலூரில் வீட்டிலிருந்தே படித்து எழுதி முடித்துவிட்டுப் பறக்கப் போவது எல்லா வகையிலும் லாபம். பயிற்சி ஊரில் விடுதி வாடகை கொடுத்துக்கொண்டு மெட்டியராலஜி படிப்பது வீண் செலவு.

இனி பள்ளி. இந்தியாவில் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பறப்புப் பயிற்சி நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மை விமானத்துக்கானவை. ஹெலிகாப்டருக்கு இடம் மிகக் குறைவு. இந்தக் குறைவால்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். விமானத்துக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய நிறுவனத்தின் பெயரைப் பலகையில் போட்டு, "ஹெலிகாப்டரும் உண்டு" என்று சேர்த்துக்கொண்டு, பிள்ளையை வேறெங்கோ அனுப்பிவைப்பது நடக்கிறது. அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். எந்தப் பயிற்சிக்கு அனுமதி, எந்த ரகங்களில் அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும் என்ற மூன்றும் அதில் இருக்கும். ஹெலிகாப்டர் என்ற சொல்லும் அந்த இயந்திரத்தின் பதிவு எண்ணும் தாளில் இல்லையென்றால், அந்த நிறுவனம் உங்களுக்கு எதையும் கற்றுத்தர முடியாது.

வெளிநாட்டுக்குப் போவதென்றால் மணிக் கணக்கில் கவனமாக இருங்கள். ஹெலிகாப்டர் கமர்ஷியல் உரிமத்துக்கு இந்தியாவில் வேண்டியது 150 மணி நேரம். கனடாவில் நேரடியாகத் தொடங்குபவருக்கு 100 மணி நேரத்திலேயே அந்த உரிமம் கிடைத்துவிடும். அமெரிக்காவில் பார்ட் 61 என்ற விதியின்படி மொத்தம் 150 மணி நேரம் என்றாலும், அதில் ஹெலிகாப்டரில் கட்டாயம் பறக்க வேண்டியது 50 மணி நேரம்தான். மீதி விமானத்தில் இருக்கலாம். அந்தந்த நாட்டில் இவை முழுமையான உரிமங்கள். ஆனால் அதை டிஜிசிஏ மேசையில் வைத்து இந்திய உரிமமாக மாற்றக் கேட்கும்போது, இந்தியாவின் கணக்கு நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். "100 மணி நேரப் பேக்கேஜ்" என்று மலிவாகத் தெரிவதை வாங்கி ஊர் திரும்பியவருக்கு மீதி 50 மணி நேரத்தை இங்கே பறக்க ஹெலிகாப்டர் கிடைப்பது அரிது. மறுபடி விசா, மறுபடி டிக்கெட், மறுபடி ஒரு பள்ளி. ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டியது, "உங்கள் பயிற்சியில் எத்தனை மணி நேரம்?" என்பதல்ல. டிஜிசிஏ விதியின் அட்டவணையை அச்செடுத்துக் கொடுங்கள். தனியாகப் பறப்பது, கிராஸ் கன்ட்ரி (ஓர் இடத்திலிருந்து தொலைவிலுள்ள இன்னோர் இடத்துக்குப் பறப்பது), இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), இரவுப் பறப்பு என்று ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் "இதைத் தருவோம்" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். இரவுப் பறப்பில்தான் அடிக்கடி இடிக்கும். ஓடுதளத்தில் விளக்கு இல்லாமலிருக்கும், அல்லது இரவில் பறக்கப் பள்ளியின் காப்பீடு அனுமதிக்காது.

அமெரிக்கா என்றால் விசாவைப் பற்றியும் ஒரு சொல். பறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் தொழிற்பயிற்சி மாணவருக்கான எம் 1 விசாவுக்குத்தான் ஐ 20 என்ற சேர்க்கைப் படிவம் தருகின்றன. "படித்து முடித்ததும் அங்கேயே இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்து ஆயிரம் மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே ஏஜென்டுகள் சொல்லும் பெரிய ஆசை வார்த்தை. அமெரிக்கப் பிள்ளைகள் அப்படித்தான் மணி சேர்க்கிறார்கள் என்பது உண்மை. எம் 1 விசாவிலோ நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் செய்முறைப் பயிற்சிக்கு அனுமதி. அதில் ஆயிரம் மணி நேரம் சேராது. சில பள்ளிகள் கல்விப் படிப்புக்கான எஃப் 1 விசாவுக்கும் அனுமதி வைத்திருக்கின்றன. அதில் காலம் கூடுதல். எந்த விசா என்பதைப் பள்ளியிடமே எழுத்தில் வாங்குங்கள், ஏஜென்டின் வாய்ச்சொல்லாக வேண்டாம்.

அடுத்து இயந்திரம். பெற்றோர் கேட்காமல் விடும் கேள்விகள் அதிகமும் இங்கேதான் இருக்கின்றன. உலகம் முழுக்கப் பயிற்சிக்கு அதிகம் பயன்படுவது ராபின்சன் ஆர் 22. இரண்டு பேர் உட்காரும் சிறிய பிஸ்டன் இயந்திரம். அதன் அதிகபட்ச எடை 622 கிலோ. காலி எடை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொஞ்சம் மாறும். 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 222 கிலோ. பயிற்றுநரும் மாணவரும் ஆளுக்கு 85 கிலோ என்றால் 170 போக 52 கிலோ எரிபொருள் ஏற்றலாம், அதாவது ஏறத்தாழ 72 லிட்டர். மணிக்கு 30 முதல் 35 லிட்டர் குடிக்கும் இயந்திரத்துக்கு இது தாராளம். இருவரும் ஆளுக்கு 100 கிலோ என்றால் எரிபொருளுக்கு 22 கிலோதான் மிஞ்சும், ஏறத்தாழ 30 லிட்டர். 20 நிமிட ரிசர்வை ஒதுக்கிவிட்டால் பாடத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும், அவ்வளவே. அந்த அரை மணியிலும் கிளம்புவதற்கும் இறங்குவதற்கும் கொஞ்சம் போய்விடும். ஒரு இருக்கைக்கு 109 கிலோ என்ற வரம்பும் உண்டு. மறுபக்கம், தனியாகப் பறக்கும்போது ஆர் 22-ல் பைலட் குறைந்தது 59 கிலோ இருக்க வேண்டும் என்பது பொது வரம்பு. அதைவிட ஒல்லியான பிள்ளைகளுக்கு எடைக் கட்டு வைத்துச் சமநிலைக் கணக்குப் போட வேண்டும். நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் பலருக்கும் இது பொருந்தும். உங்கள் எடையைச் சொல்லி, "இந்த எடைக்கு எந்த இயந்திரம், எந்தப் பயிற்றுநர்?" என்று கேளுங்கள். கணக்குப் போட்டுப் பதில் சொல்லும் பள்ளி நல்ல பள்ளி.

இந்தக் கணக்கில் வெயிலையும் சேர்க்க வேண்டும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர், அதாவது 720 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கென்று விமானத் துறை வைத்திருக்கும் நியம வெப்பநிலை 13.6 டிகிரி. மே மாத நண்பகல் 42 டிகிரி. வித்தியாசம் 28.4. ஒரு டிகிரிக்கு 120 அடி என்ற தோராயக் கணக்கில் 3,400 அடி கூடுகிறது. அதாவது அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்குத் தான் 4,100 அடி மலைமேல் நிற்பதாகத்தான் காற்று உணர்த்தும். 1,100 மீட்டர் உயர ஏலகிரியில் 30 டிகிரி வெயில் அடித்தால் இதே கணக்கு 6,200 அடியைத் தாண்டும். காற்று அடர்த்தி குறைந்தால் அந்தரத்தில் நிற்க அதிக சக்தி தேவைப்படும். எஞ்சின் தருவதோ அவ்வளவுதான். இந்தியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ வெப்பமான ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் அங்கே கோடையில் காலை எத்தனை மணிக்குப் பறக்கத் தொடங்குகிறார்கள், எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடும் பள்ளியில் ஒரு நாளைக்கு ஒரு இயந்திரம் மூன்று பாடம் தாண்டாது. கையேட்டில் எட்டு மாதம் என்று போட்டிருப்பது பன்னிரண்டு, பதினைந்து மாதமாக நீள்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ரகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆர் 22, ஆர் 44 இரண்டிலும் இரண்டு இறக்கை ரோட்டர். ஆர் 22 ரோட்டரின் எடை குறைவு என்பதால் எஞ்சின் நின்றால் அதன் சுழற்சி வேகம் மிக விரைவாக இறங்கும். ஹெலிகாப்டரை மேலே தூக்கவும் இறக்கவும் பயன்படும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை உடனே கீழே தள்ளியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒன்றிரண்டு வினாடி. ரோட்டர் வேகம் 97 சதவீதத்துக்கு வந்ததும் ஹார்ன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கை தானாக இறங்கும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். இன்னொன்று, திசை திருப்பும் கைப்பிடியான சைக்ளிக்கைச் சட்டென்று முன்னே தள்ளி எடையற்ற நிலை உண்டானால், இரண்டு இறக்கை ரோட்டரின் மையம் அதைத் தாங்கும் தண்டில் மோதலாம். அப்படி மோதினால் தண்டே முறிந்துபோகும். இதனால்தான் அமெரிக்காவில் 1995 முதல் இந்த ரகங்களுக்கென்றே எஸ்எஃப்ஏஆர் 73 என்ற சிறப்பு விதி வந்தது. ஆர் 22-ல் மாணவர் தனியாகப் பறப்பதற்கு முன் அதே ரகத்தில் குறைந்தது 20 மணி நேரம் பயிற்றுநருடன் பறந்திருக்க வேண்டும் என்றது அந்த விதி. பயிற்றுநருக்கும் ஹெலிகாப்டரில் 200 மணி நேரம், அதில் ஆர் 22-ல் 50 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. இந்தியப் பள்ளியோ தென்னாப்பிரிக்கப் பள்ளியோ, இந்த அளவுக்குக் கீழே தங்கள் நடைமுறையை வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூன்று இறக்கை ரோட்டர் கொண்ட ஷ்வைசர் 300-ம் கேப்ரி ஜி 2-வும் பிழையை இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் இயந்திரங்கள். எங்கள் கருத்தில், ஆர் 22-ம் கேப்ரியும் சம விலையில் கிடைத்தால் தொடக்கப் பயிற்சிக்குக் கேப்ரி மேல். அதற்காக ஆர் 22-ஐ ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதில் நன்றாகக் கற்றவரின் கை மிகவும் நுட்பமானது.

பள்ளியின் அலுவலகம், ஏசி வகுப்பறை, சிமுலேட்டர் எல்லாம் பார்த்த பிறகு, ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கருக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடலாம். உள்ளே போனதும் எத்தனை ஹெலிகாப்டர் என்று எண்ணுவதோடு நிற்காமல், போன மாதம் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் உள்ள டெக் லாக் என்ற பதிவேட்டில் அது இருக்கும். உதாரணமாக மூன்று ஹெலிகாப்டர் ஒவ்வொன்றும் மாதம் 40 மணி நேரம் பறந்தால் மொத்தம் 120. பன்னிரண்டு மாணவர் இருந்தால் தலைக்கு 10. 150 மணி நேரம் முடியப் பதினைந்து மாதம். மூன்றில் ஒன்று பாகத்துக்காகக் காத்து நின்றுவிட்டால் அது இருபத்திரண்டு மாதத்தைத் தாண்டும். பறக்கிற இயந்திரங்களின் மணி நேரத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தாலே பள்ளி சொல்லும் காலம் நடக்குமா நடக்காதா என்று தெரிந்துவிடும். புதிய மாணவர்களை எந்த மாதம் எத்தனை பேர் எடுக்கப்போகிறார்கள் என்பதையும் இதே கணக்கில் சேருங்கள்.

ராபின்சன் இயந்திரங்களை 2,200 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு ஹெலிகாப்டர் வைத்திருக்கும் பள்ளியில் ஒன்று 2,100 மணி நேரத்தில் நிற்கிறது என்றால், நீங்கள் சேர்ந்த மூன்றாம் மாதம் அது பல மாதங்களுக்கு வெளியே போய்விடும். மாற்று இயந்திரம் இருக்கிறதா? 100 மணி நேரப் பரிசோதனையைச் சொந்தப் பொறியாளர் செய்கிறாரா, வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டுமா? பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டிய அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் நம் நாட்டில் எல்லா விமான நிலையத்திலும் கிடைப்பதில்லை. 2022-ல்தான் இந்தியன் ஆயில் அதை உள்நாட்டில் தயாரிக்கத் தொடங்கியது. பள்ளியில் எத்தனை பீப்பாய் இருப்பு, அடுத்த லோடு எப்போது என்று கேட்பதில் தவறில்லை.

அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். டீக்கடையில் ஒரு சீனியரைப் பிடித்து, "அண்ணா, போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க? எத்தனை இன்ஸ்ட்ரக்டர் மாறியிருக்காங்க?" என்று இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும். பயிற்றுநர் அடிக்கடி மாறினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து சோதித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நான்கு மணி நேரம் மாணவர் செலவில் கரையும். நல்ல பள்ளியில் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் கரும்பலகையில் விளக்கம் இருக்கும். இறங்கிய பிறகு என்ன சரி, என்ன தவறு, அடுத்து என்ன என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் இருக்கும். அந்தக் கோப்பை ஒன்று காட்டச் சொல்லுங்கள். ஆட்டோரொட்டேஷனை (எஞ்சின் சக்தி இல்லாமல் இறங்கும் பயிற்சி) தரையில் இறங்கும் வரை செய்கிறார்களா, பாதியில் எஞ்சின் சக்தியைக் கூட்டி எழும்பிவிடுகிறார்களா என்று கேளுங்கள். இயந்திரம் சேதமாகும் என்ற பயத்தில் பல பள்ளிகள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. அனுபவமுள்ள பயிற்றுநருடன் சில முறையாவது தரை வரை இறங்கிப் பார்ப்பது மாணவருக்கு வேண்டும். பள்ளியின் பெயரையும் ஹெலிகாப்டர்களின் பதிவு எண்களையும் இந்தியாவின் ஏஏஐபி, அமெரிக்காவின் என்டிஎஸ்பி ஆகிய விபத்து விசாரணை அமைப்புகளின் அறிக்கைகளில் தேடுங்கள். விபத்து நடந்ததே இல்லை என்று எதிர்பார்க்க வேண்டாம். நடந்ததன் பிறகு என்ன மாற்றினார்கள் என்று கேட்டால் தலைமைப் பயிற்றுநர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள்.

பணம். மணி நேரக் கட்டணம் எந்த மீட்டரின்படி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில இயந்திரங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மீட்டர் ஓடும். சிலவற்றில் கலெக்டிவைத் தூக்கிய பிறகுதான் ஓடும். எஞ்சினைச் சூடாக்குவதும், இறங்கியபின் குளிரவிட்டு நிறுத்துவதும் ஒவ்வொரு பாடத்திலும் பல நிமிடம் பிடிக்கும். 150 மணி நேரத்துக்கு அது சின்னத் தொகையல்ல. எரிபொருள் விலை ஏறினால் யார் தாங்குவது, தரையிறங்கும் கட்டணம், தேர்வாளர் கட்டணம், தேர்வில் தவறினால் மறு பறப்பு எல்லாம் உள்ளே சேர்ந்ததா, தனியா?

முழுத் தொகையையும் ஒரே தவணையாகக் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் திடீரென்று கதவை மூடியது. சுமார் 70,000 டாலரைக் கடன் வாங்கி முன்பணமாகக் கட்டியிருந்த மாணவர்களில் எத்தனையோ பேர் உரிமமும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். பத்து மணி நேரத்துக்கு உரிய தொகையைக் கட்டுவது, பறந்த பிறகு அடுத்த பத்துக்குக் கட்டுவது என்பதே பாதுகாப்பான முறை. அதற்கு ஒப்புக்கொள்ளாத பள்ளி, உங்கள் பணத்தில் பழைய மாணவர்களின் எரிபொருளை வாங்குகிறதோ என்று சந்தேகப்படலாம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ இருக்கும் நிலத்தை அதற்காக வைக்கும் குடும்பம், கடன் தொகையையும் பள்ளிக்கு ஒரே காசோலையாக விடுவிக்காமல் தவணைகளாக விடுவிக்கும்படி வங்கியிடம் எழுதிக் கொடுக்கலாம்.

கடைசியாக, தாள்கள். 2011-ல் போலி மதிப்பெண் சான்றுகளோடு உரிமம் வாங்கிய பைலட்டுகள் இந்தியாவில் பிடிபட்ட பிறகு ஆவணங்களைச் சலித்துப் பார்ப்பது கூடிவிட்டது. உங்கள் பறப்பு நேரங்களைக் குறிக்கும் லாக்புக்கை அன்றன்றே எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் தலைமைப் பயிற்றுநரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். லாக்புக்கில் இருக்கும் நேரமும் ஹெலிகாப்டரின் டெக் லாக்கில் இருக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்தால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே பள்ளியின் பயிற்சிச் சான்று, பறந்த மணிகளின் வகைவாரிப் பட்டியல், உங்கள் பறப்புகளுக்குரிய டெக் லாக் பக்கங்களின் நகல் எல்லாவற்றையும் கையில் வாங்கிவிடுங்கள். உரிமம் உண்மையானது என்று அந்நாட்டு விமானத் துறை டிஜிசிஏவுக்கு அனுப்ப வேண்டிய உறுதிப்படுத்தலுக்கும் அங்கிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் காட்பாடியிலிருந்து மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கும்போது, உங்களைத் தெரிந்த பயிற்றுநர் அந்தப் பள்ளியில் இருக்க மாட்டார்.